அடாலிமுமாப் ஊசி பேனா: மூட்டுக்குக் கொடுத்ததும் தோலில் கொண்டுவந்ததும்

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து மட்டும் போதவில்லை என்று ஆனபோது டாக்டர் எழுதிக்கொடுத்தது அடாலிமுமாப் 40 மில்லிகிராம் பேனா. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ நாமே போட்டுக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் வலி குறைவு.

மூட்டுக்கு இது அருமையான மருந்து. காலையில் விரல் மடக்க முடியாத விறைப்பு போயே போய்விட்டது. சட்டை பட்டனை நானே போட்டுக்கொண்டேன். இந்த நோய் இருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சில மாதம் கழித்து உள்ளங்காலின் குழிவில் ஊசிமுனை அளவில் மஞ்சள் கொப்புளங்கள் கிளம்பின. ஒவ்வொன்றும் காய்ந்து பழுப்புப் புள்ளியாகி, மேல்தோல் செதில் செதிலாக உரிந்தது. அப்புறம் உள்ளங்கை, காதுக்குப் பின்னால் ஒரு திட்டு. பூஞ்சைக்கான கிரீம் கொடுத்தார்கள், கேட்கவில்லை. தோல் டாக்டர் பார்த்ததுமே, "என்ன ஊசி போட்டுக்கிறீங்க?" என்றுதான் கேட்டார். அந்த ஊசியால் வந்த சொரியாசிஸ் என்ற தோல் நோய். கொப்புளத்தில் இருந்தது சீழ்தான், ஆனால் கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார்.

சொரியாசிஸுக்கே கொடுக்கிற மருந்து இது! டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தை இந்த ஊசி அடக்கும்போது சிலருக்குத் தோலில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற வேறொரு புரதம் கட்டுப்பாடில்லாமல் சுரப்பதுதான் காரணம் என்கிறார்கள். இதே வகை மருந்துகளான இன்ஃப்ளிக்ஸிமாப், எட்டனர்செப்ட்டிலும் இது வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2009-லேயே இந்த எச்சரிக்கையை இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் குறிப்பிலும் சேர்க்கச் சொல்லிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனால் ஊசி தொடங்கும் முன் காசநோய், கல்லீரல் அழற்சி எல்லாம் சோதித்தவர்கள், தோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெரிய வருத்தம் அதுதான். "கையிலோ காலிலோ தலையிலோ புதிதாக ஏதாவது வந்தால் உடனே சொல்லுங்கள்" என்று ஒரு வரி போதுமே.

பலருக்கு ஸ்டீராய்டு களிம்பும் கால்சிபோட்ரியால் என்ற பூசும் மருந்தும் போதும், ஊசியைத் தொடரலாம். எனக்குக் காலை ஊன்றி நடக்கவே முடியவில்லை என்பதால், டி.என்.எஃப்பைத் தொடாத வேறு வகைக்கு மூட்டு டாக்டர் மாற்றினார். தோல் மெதுவாகத் தெளிந்து வருகிறது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் தொடங்குங்கள். தோலில் எதையாவது பார்த்தால் ஊசியை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மூட்டு வீக்கம் திரும்பிவிடும். இரண்டு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளுக்குள் கொப்புளம் காய்ந்துவிடலாம், வந்த அன்றே நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.