மொகதிஷுவா, போராமாவா, டேட்டனா: போர் ஓய்ந்த நாட்டுக்கு அரசை யார் அமைப்பது?

ஆர்.கே.புரம் மலை மந்திரில் ஞாயிறு சாயங்காலம் சந்திக்கும் ஓர் அண்ணன் ராணுவத்தில் இருந்தவர். 1993-94ல் ஐ.நா. படையோடு சோமாலியாவின் பைதோவா பகுதிக்குப் போன இந்தியப் படையில் அவரும் ஒருவர். "சாப்பாட்டு லாரிக்குக் காவல் போனோம், கிணறு தோண்டிக் கொடுத்தோம் தம்பி. நாங்க கிளம்பினதும் மறுபடி துப்பாக்கிதான்" என்றார். போர் ஓய்ந்த நாட்டுக்கு அரசை யார் அமைப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஏனென்றால் அதே 1993ல், அதே சோமாலியர்கள் நடுவில் இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டன. தெற்கே தலைநகர் மொகதிஷுவை மையமாக வைத்து ஐ.நா. இறங்கியது. ஆயுதம் வைத்திருந்த 15 குழுக்களின் தலைவர்களை அடிஸ் அபாபாவில் கூட்டி மார்ச்சில் கையெழுத்து வாங்கினார்கள். பேச்சுக்கு அழைப்பு வர வேண்டுமென்றால் கையில் துப்பாக்கி இருக்க வேண்டும் என்றுதான் ஊருக்குப் புரிந்திருக்கும். அக்டோபரில் ஒரே சண்டையில் 18 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் செத்தார்கள். சுமார் 160 கோடி டாலர் செலவழித்துவிட்டு 1995 மார்ச்சில் படை கப்பலேறியபோது அங்கே அரசு என்று எதுவும் இல்லை.

வடக்கே, 1991ல் சோமாலியாவிலிருந்து தனி நாடாகப் பிரிந்துவிட்டதாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில், போராமா என்ற ஊரில் 150 குலப் பெரியவர்கள் ஜனவரியில் உட்கார்ந்தவர்கள் மே வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுச் செலவில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர்களும் வியாபாரிகளும் போட்டது. முதலில் பாதுகாப்பு, பழைய பகை, பறித்த சொத்து. அப்புறம்தான் ஆட்சி யாருக்கு என்ற பேச்சு. முகமது இப்ராஹிம் எகாலை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள், பெரியவர்களுக்கென்றே நாடாளுமன்றத்தில் ஓர் அவை வைத்தார்கள். 1994ல் மறுபடி சண்டை மூண்டது உண்மைதான், ஆனால் அதையும் ஹர்கெய்சாவில் இன்னொரு மாநாடு கூட்டித் தீர்த்துக்கொண்டார்கள். 2003 அதிபர் தேர்தலில் தேர்தல் ஆணையம் அறிவித்த வித்தியாசம் வெறும் 80 ஓட்டு. தோற்ற கட்சி நீதிமன்றத்துக்குப் போனதே தவிர ஆயுதம் எடுக்கவில்லை. இதை எந்த வெளிநாட்டுப் படையாலும் கொண்டுவர முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, மூன்று இனங்கள் மோதிக்கொண்ட போஸ்னியா? 1995 நவம்பரில் அமெரிக்காவில் டேட்டன் விமானப்படைத் தளத்தில் 21 நாளில் ஒப்பந்தம். அதன் இணைப்பு 4தான் நாட்டின் அரசியல் சாசனமே. நேட்டோ தலைமையில் 60,000 வீரர்கள் வந்தார்கள், கொலை நின்றது, போர் திரும்பவில்லை. அதே 1995ல் ஆயிரக்கணக்கான போஸ்னியாக் முஸ்லிம்களை செர்ப் படை கொன்று குவித்த ஸ்ரெப்ரெனிட்சாவுக்குப் பிறகு இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதிபர் பதவியை போஸ்னியாக், குரோட், செர்ப் என்று மூன்றாகப் பிரித்ததில் ஒரு ரோமா இனத்தவரும் ஒரு யூதரும் போட்டியிடவே முடியாமல் போனது. அது பாரபட்சம் என்று 2009ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தும் சாசனம் மாறவில்லை. போதாததற்கு 1997 முதல் வெளியிலிருந்து வரும் உயர் பிரதிநிதி சட்டம் போடலாம், தேர்ந்தெடுக்கப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பலாம்.

நமக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். சண்டையில் இருந்த தமிழ் இயக்கம் ஒன்றுகூடக் கையெழுத்திடவில்லை.

கொலையை நிறுத்த வெளிநாட்டுப் படை வேண்டியிருக்கலாம், அதற்கு டேட்டன். ஆட்சியை அமைக்க என் ஓட்டு போராமாவுக்குத்தான், அதன் குறை தெரிந்தேதான் சொல்கிறேன்: அந்த 150 பேரில் பெண் ஒருவர்கூட இல்லை, 2023ல் கிழக்கே லாஸ் அனோட் நகர மக்கள் சோமாலிலாந்தோடு இருக்க மாட்டோம் என்று கிளம்பியபோது மாநாட்டுக்குப் பதில் பீரங்கிதான் பேசியது.