குடியை நிறுத்த மீட்டிங் தேடுறவங்க கவனத்துக்கு: காசும் கேமராவும் இருந்தா எந்திரிச்சு வந்துடுங்க

எங்க அண்ணன் குடிய விடணும்னு அவராவே சொன்னதும் சப்போர்ட் குரூப் எங்க இருக்குன்னு தேடினோம். முதல்ல வந்து நின்னது ஒரு விளம்பரம், பேர்லயே அனானிமஸ்னு இருந்துச்சு, முற்றிலும் இலவசம், ரகசியம் காக்கப்படும்னு வேற போட்டிருந்தாங்க. போன் எடுத்தவரும் "தம்பி, அண்ணன கூட்டிட்டு மட்டும் வாங்க, மத்தத நாங்க பாத்துக்குறோம்"னு அவ்வளவு தன்மையா பேசினாரு. பேரு போட மாட்டேன், இதே ஆளுங்க வேற பேர்லயும் விளம்பரம் ஓட்டுறாங்க, அதனால நடந்தத சொல்றேன், அத வச்சு அடையாளம் கண்டுக்கோங்க.

வாசல்லயே ஒரு ஃபாரம் நீட்டினாங்க, முழுப்பேரு, வேலை பாக்குற இடம், சம்பளம், ஐடி கார்டு ஜெராக்ஸ். குடிய நிறுத்த வந்தவரோட சம்பளம் இவங்களுக்கு எதுக்குன்னு கேட்டா "ரெக்கார்டுக்கு சார்". உள்ள சுவத்துல ஏஏ-வோட (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா நிக்கிற அமைப்பு) பன்னிரண்டு படிகள், அதாவது குடியில இருந்து மீள்றதுக்கான வழிமுறை, பெருசா பேனர் அடிச்சு மாட்டியிருந்துச்சு, நடுவுல ரிங் லைட்டு, ஸ்டாண்டுல போன்.

அண்ணன் தன் பையனோட ஸ்கூல் ஃபீஸ எடுத்துக் குடிச்சதப் பத்தி பேச ஆரம்பிச்சாரு, வீட்ல யார்கிட்டயும் வாயத் திறந்து சொல்லாத விஷயம் அது. பாதியில மீட்டிங் நடத்துன ஆளு "அண்ணே ஒரு நிமிஷம், லைட் சரியா விழல, முதல்ல இருந்து சொல்லுங்க, அழுகை வந்தா அடக்காதீங்க"ன்னாரு. அண்ணன் மறுபடி முதல்ல இருந்து சொன்னாரு, ஆனா இந்த தடவ தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு, அதுக்கும் "கேமராவப் பாருங்க"ன்னு ஒரு அதட்டு. அந்த வீடியோதான் இப்ப அவங்க விளம்பரம்.

முடிஞ்சதும் தனி ரூம்ல பேக்கேஜ் பேச்சு. இலவசம் முதல் மீட்டிங்குக்கு மட்டுமாம், அதுக்கப்புறம் லெவல் லெவலா பணமாம். அண்ணிய தனியா கூப்பிட்டு லேபிளே இல்லாத ஒரு பொடிய கொடுத்து, அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்துடுங்கன்னு சொல்லியிருக்காங்க. நல்லவேளை அண்ணி கலக்கல. டைசல்ஃபிராம்னு ஒரு மருந்து இருக்கு, டாக்டர் கண்காணிப்புல, குடிக்கிறவருக்குத் தெரிஞ்சுதான் கொடுக்கணும், அது மாதிரி ஏதாவது இதுல இருந்து, தெரியாம உள்ள போய், மேல ஒரு பெக் குடிச்சா முகம் சிவந்து நெஞ்சு படபடத்து பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். லேபிள் இல்லாத பொடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

இத விட பெரிய அநியாயம், "இன்னையோட மொத்தமா நிறுத்து, டாக்டர்ட்ட போகாத, மாத்திரையும் போதைதான்"னு சொன்னது. வருஷக்கணக்கா தினமும் நெறைய குடிக்கிற உடம்பு, படார்னு நிறுத்தினா முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாள் வரைக்கும் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியலாம், அத கவனிக்கலன்னா ஆளே போயிடலாம். அண்ணனுக்கு கை நடுங்கி, சட்டை நனையுற அளவுக்கு வேர்த்து, ரூம்ல இல்லாத ஆள்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு. அந்தாளுக்கு போன் பண்ணா "உள்ள இருக்குற விஷம் வெளிய வருது, நல்லதுதான்"ங்குறாரு! ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அத கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. தினமும் குடிக்கிறவர் நிறுத்தப்போறார்னா முதல்ல டாக்டரப் பாருங்க, மீட்டிங் அதுக்கப்புறம் போகலாம்.

அங்க இருந்த டாக்டர் சொல்லித்தான் நிஜமான ஏஏ மீட்டிங் போனோம், வித்தியாசம் அப்பதான் தெரிஞ்சுது. படிகளோட சேர்த்து பன்னிரண்டு மரபுகளும், அதாவது குழு எப்படி நடக்கணும்ங்குற நெறிகளும், அங்க இருக்கு, 1950-லயே ஏத்துக்கிட்டது. அந்தப் பேனர்காரங்க மரபுகள ஏன் மாட்டலன்னு படிச்சாலே புரிஞ்சிடும். சேர்றதுக்கு குடிய நிறுத்தணும்ங்குற ஆசை மட்டும் போதும், சந்தா கிடையாது. மீட்டிங் செலவுக்கு உறுப்பினர்களே தட்டுல போட்டுக்குறாங்க, வெளியாள் நன்கொடை வாங்குறதில்ல, புதுசா வந்த அண்ணன் பர்ஸ எடுத்ததுக்கு வேணாம்னுட்டாங்க. ஸ்பான்சர்னு கூட நிக்கிறவரும் முன்னாடி குடிச்சு விட்டவர்தான், அதுக்கு சம்பளம் வாங்குறதில்ல. பத்திரிகை, ரேடியோ, சினிமான்னு எதுலயும் உறுப்பினர் அடையாளம் வெளிய வரக்கூடாதுன்னே ஒரு மரபு இருக்கு, அப்புறம் எங்கிருந்து ரிங் லைட்டு? 1935-ல இத ஆரம்பிச்ச ரெண்டு பேருமே குடிகாரங்கதான், ஒருத்தர் பங்குச்சந்தை ஆளு, ஒருத்தர் சர்ஜன். அண்ணி அல்-அனான் போறாங்க, அது குடும்பத்துக்காக 1951-ல ஆரம்பிச்சது, அங்கயும் ஃபீஸ் கிடையாது.

ஏஏ படிகள்ல வர்ற கடவுள் பேச்சு ஒத்து வராதவங்களுக்கு ஸ்மார்ட் ரிகவரின்னு வேற ஒரு சப்போர்ட் குரூப் இருக்கு. டாக்டர், கவுன்சிலர், டீ-அடிக்‌ஷன் சென்டர் பணம் வாங்குறது வேற, அது வைத்தியம், அதுக்கு பில் கேளுங்க, படிப்பு என்னன்னு கேளுங்க. குடிச்சவங்க வட்டமா உக்காந்து பேசுறதுக்கு ஒருத்தன் கட்டணம் வாங்குறான்னாதான் சந்தேகப்படணும்.

வீடியோவ எடுக்கச் சொல்லிக் கேட்டா ஃபாரத்துல கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு காட்டுறாங்க. ரிப்போர்ட் பண்ணி ஒரு பேஜ்ல போச்சு, இன்னொரு பேஜ்ல மறுபடி ஏத்திட்டாங்க. யாராவது பாத்தா ரிப்போர்ட் மட்டும் பண்ணுங்க, கீழ போய் திட்டி கமெண்ட் போடாதீங்க, அது அவங்களுக்கு ரீச்சதான் கூட்டும். அந்தப் பொடி பாக்கெட் யார் வீட்லயாவது இருந்தா தூக்கிப் போடாம டாக்டர்ட்ட கொண்டு போய் காட்டுங்க, எங்ககிட்ட இருந்தத அப்படித்தான் கொடுத்திருக்கோம்.