முதிரைத் தூளும் பெயின்ற் வாளியும்: மூன்று வருசப் பாவனை

முதிரை மரத்தில் சாண்டர் (மரத்தைத் தேய்த்து மழுக்கும் மெசின்) பிடித்தவர்களுக்குத் தெரியும். தூள் மஞ்சள்மா போல எழும்பும். வேர்த்த கழுத்தில் ஒட்டினால் இரவு முழுக்கச் சொறிய வேண்டியதுதான். மாங்குளம் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் கதவு, கட்டில் செய்கிறேன். தொடக்கத்தில் சாண்டரோடு வந்த சின்னத் துணிப்பையும் ஒரு மேசை ஃபானும்தான் இருந்தன. ஃபான் தூளை எடுக்காது, கொட்டில் முழுக்கப் பரப்பும். பொலிஷ் அடித்த கதவை அடுத்த நாள் தடவினால் சொரசொர என்றிருக்கும்.

பிறகு வீட்டு வக்கியூம் கிளீனரை 125 மில்லிமீற்றர் சாண்டரில் கொழுவினேன். நன்றாகத்தான் இழுத்தது. அரை மணித்தியாலத்தில் பில்டர் அடைத்து, மோட்டர் சத்தம் மாறி, பெட்டி சுடத் தொடங்கிவிடும்.

பெரிய பை பூட்டிய தூள் கலெக்டர் வாங்கச் சொன்னார்கள். மரம் சீவும் பிளானருக்கு அது சரி. அது நிறையக் காற்றை அள்ளும், ஆனால் உறிஞ்சும் விசை குறைவு. அதன் 4 அங்குலக் குழாயைச் சாண்டரின் சின்ன வாய்க்கு ஒடுக்கினால் மூச்சே வராது.

கடைசியில் கைகொடுத்தது சைக்கிளோன். கூம்பு மாதிரி ஒரு பிளாஸ்ரிக் சாமான். பக்கத்தால் நுழையும் காற்று உள்ளே சுழல, தூள் ஓரத்தில் மோதிக் கீழே விழும். 20 லீற்றர் பெயின்ற் வாளி மூடியில் பூட்டி, சாண்டருக்கும் வக்கியூமுக்கும் நடுவில் வைத்தேன். இரண்டாம் கிழமை ஹோஸ் மடிந்து காற்று அடைபட, வாளி 'டொக்' என்று உள்ளே ஒடுங்கிவிட்டது. இப்போது இரும்பு ட்ரம். தூளில் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடுவதால் பில்டரைக் கிழமைக்கு ஒருக்கால் தட்டினால் போதும். மூட்டுகளில் சைக்கிள் டியூப் வெட்டி இறுக்கியிருக்கிறேன். கடையில் விற்கும் அடாப்டரை விட அது நன்றாகப் பிடிக்கிறது. ஹோஸைக் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பிறகு கை நோவும் இல்லை.

சாண்டரில் தேய்க்கும் தாள் ஒட்டும்போது துளையோடு துளை பொருந்த வேண்டும். என்னோடு நிற்கிற பெடியன் அவசரத்தில் அப்பிவிட்டு, "அண்ணை, மெசின் இழுக்குதில்லை" என்பான். கழற்றிப் பார்த்தால் எட்டுத் துளையும் மூடிக் கிடக்கும்.

குறை இல்லாமல் இல்லை. வெயில் காலத்தில் ஹோஸில் கை பட்டால் கரண்ட் மாதிரிச் சுள்ளென்று அடிக்கும். மிக மெல்லிய தூள் சைக்கிளோனுக்குப் பிடிபடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள்தான் நெஞ்சுக்குள் போவது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை மரத்தூளை 1995இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் மாஸ்க்கை இன்னும் கழற்றவில்லை.

ட்ரம் கொட்டுவதுதான் பெரிய கரைச்சல். சோளகம் வீசும் மாதங்களில் விடியவே, காற்று எழும்ப முதல் கொட்டிவிட வேண்டும். ஒருநாள் பத்து மணிக்குக் கொட்டினேன். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டெல்லாம் மஞ்சளாகிவிட்டது.