கணப்படுப்புப் புகைபோக்கி: சுட்டமண் குழாயா, எஃகுக் குழாயா?

விறகு எரியும் கணப்படுப்புக்குப் பாதுகாப்பான புகைபோக்கி வேண்டுமென்றால் பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன: செங்கல் கூட்டுக்குள் சுட்டமண் உட்குழாய், அதே கூட்டுக்குள் வெப்பக்காப்பு சுற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உட்குழாய், செங்கல்லே இல்லாமல், ஆலையில் செய்து வரும் இரட்டைச் சுவர் உலோகப் புகைபோக்கி. எங்கள் வீட்டின் பழைய சுட்டமண் குழாயில் விரிசல் தெரிந்ததும் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

மூன்றுக்கும் பொதுவானவை சில உண்டு. புகைபோக்கி, கூரையைத் தாண்டி வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். உச்சியில் மழைமூடியும், வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் தவிர்க்கக் கூடாதவை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: குழாயின் உட்சுவரில் படியும் கிரியோசோட். விறகுப் புகையில் நீராவியோடு, எரியாமல் தப்பிய தார் ஆவிகளும் கலந்திருக்கும். புகை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் அவை சுவரில் படியத் தொடங்கும். முதலில் வெறும் கரித்தூளாக இருப்பது பிறகு செதில்களாகி, கடைசியில் எந்தத் தூரிகைக்கும் அசையாத பளபளப்பான தார்ப்பூச்சாக இறுகிவிடும். அது தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டக்கூடும். ஆக, எந்தக் குழாய் விரைவில் சூடேறி அந்தச் சூட்டை உச்சிவரை காக்கிறதோ, அதுவே பராமரிக்க எளிதானது, ஆபத்தும் குறைந்தது.

சுட்டமண் இங்கேதான் பின்தங்குகிறது. புகையின் அமிலத்தை அது நன்றாகத் தாங்கும்; ஒழுங்காகக் கட்டினால் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் கனமான செங்கலும் மண்ணும் சூடேற நேரம் பிடிக்கும், அதுவும் புகைபோக்கி வெளிச்சுவரை ஒட்டி நின்றால் குளிர்காலத்தில் அது முழுதாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே திடீரென்று வெப்பம் ஏறும்போது குழாயின் உட்பக்கம் மட்டும் விரிவதால் வெடிப்பு விழுகிறது. சுட்டமண் குழாய்த் துண்டுகளுக்கு இடையிலுள்ள காரைப் பூச்சும் நாளடைவில் உதிர்கிறது. அந்த இடுக்கு வழியாகக் கசியும் வெப்பம் பக்கத்து மரச்சட்டங்களை எட்டினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எஃகுக் குழாயோ மெல்லியது, தீ மூட்டிய சில நிமிடங்களில் சூடாகிவிடுகிறது. மேலே சுற்றிய காப்பு அதை ஆறவிடுவதில்லை. வளைந்துகொடுக்கும் வகையாக இருந்தால் அடியிலிருந்து உச்சிவரை இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாக இறக்கிவிடலாம். வித்தியாசம் துப்புரவின்போது கண்ணுக்கே தெரிகிறது. முன்பு அடுப்புத் தளத்தில் விழுந்தவை கண்ணாடிச் சில்லு போன்ற கறுப்புச் செதில்கள். இப்போது விழுவது விரலால் தேய்த்தால் பொடியாகும் பழுப்புத் தூள். ஆண்டுக்கொரு முறை சோதிப்பதும், படிவு 3 மில்லிமீட்டரை எட்டும் முன் துடைப்பதும் இதற்கும் கட்டாயம்தான். துடைக்க நெகிழித் தூரிகையே ஏற்றது. கம்பித் தூரிகை எஃகைக் கீறிவிடும். ஈரவிறகு எரித்தால் இந்தக் குழாயும் கைகொடுக்காது. விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

இதிலுள்ள பெரிய சிக்கல் அளவு. திறந்த கணப்படுப்பின் வாய்ப் பரப்பில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காவது வட்டக் குழாயின் உட்புறக் குறுக்குவெட்டுப் பரப்பு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 36 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்ட வாய்க்கு 90 சதுர அங்குலம், அதாவது 11 அங்குல விட்டமுள்ள குழாய் தேவைப்படும். இதைவிடச் சிறிய குழாயை நுழைத்தால் புகை அறைக்குள் திரும்பும். எங்கள் கூட்டில் பழைய சுட்டமண்ணை முழுக்க உடைத்தெடுத்த பிறகே காப்போடு சேர்த்துக் குழாய் இறங்கியது. அந்த வேலையும் தூசியும் சாதாரணமல்ல. இடமே போதாதவர்கள் வாயைக் குறுக்கலாம், அல்லது குறுகிய குழாயே போதுமான மூடிய அடுப்பை உள்ளே பொருத்திக்கொள்ளலாம். குழாய்க்குள் ஒருமுறை கடுமையாகத் தீப்பிடித்துவிட்டால் எஃகும் நெளிந்து, மாற்ற வேண்டிய நிலை வரலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. எங்களுடையது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்ல இன்னும் காலம் போகவில்லை.

இரட்டைச் சுவர் உலோகப் புகைபோக்கியை உறவினர் வீட்டில் பார்த்த அளவே பழக்கம். எடை குறைவு, அடித்தளம் வேண்டாம், சூட்டையும் நன்றாகக் காக்கிறது. புது வீடாக இருந்தால் நானும் அதைத்தான் முதலில் விசாரித்திருப்பேன். ஒரு தயாரிப்பாளரின் துண்டோடு இன்னொருவரின் துண்டைச் சேர்க்கக் கூடாது. மரத்திலிருந்து விட வேண்டிய இடைவெளியாக அவர்கள் குறிப்பிடும் அளவில், அது பெரும்பாலும் 2 அங்குலம், எதையும் அடைத்து வைக்கவும் கூடாது, வெப்பக்காப்புப் பஞ்சைக்கூட.