தட்டை முனையா, உருண்டை முனையா: ஏர் பிஸ்டலுக்கு எந்தக் குண்டு?

ஏர் பிஸ்டலுக்குக் குண்டு கேட்டால் கடையில் நான்கு வகை டப்பாக்களை எடுத்து வைப்பார்கள். தட்டை முனை, உருண்டை முனை, கூர் முனை, நடுவில் குழி விழுந்தது. உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான். இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை முனையில் நின்றவன் நான். சாய்வு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

வேட்டைப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஏற்காட்டு அடிவாரத்தில் முயல், கௌதாரி அடிக்க எது நல்லது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் வேட்டைக்கு அனுமதி வந்துவிடாது. சட்டம் இருக்கட்டும், 10 மீட்டர் போட்டிக்கான பிஸ்டலின் குண்டுக்கு இருக்கும் வேகத்தில் கிடைப்பது ஏறக்குறைய 5 ஜூல் ஆற்றல். பிரிட்டனில் முயல் வேட்டைக்கு எடுப்பது 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் வரை போகும் ரைஃபிள். பிஸ்டலால் அடித்தால் அந்த உயிர் காயத்தோடு புதருக்குள் ஓடி மெல்லச் சாகும். எனவே இங்கே இலக்கு என்றால் அட்டைதான்.

உருண்டை முனையின் பலம் காற்றைக் கிழித்துப் போவது. தூரம் கூடக் கூட வேகம் குறைவாகவே இழக்கும், பக்கக் காற்றுக்கும் அவ்வளவாக விலகாது. தட்டை முனை 25 மீட்டர் தாண்டினால் தள்ளாடத் தொடங்கும் என்பார்கள். நான் சுடுவது பெரும்பாலும் 10 மீட்டரில், அதுவும் நாலு சுவருக்குள். தூரத்துக் கணக்கில் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

10 மீட்டரில் முடிவு செய்வது ஓட்டைதான். 17 சென்டிமீட்டர் சதுர அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், குண்டு 4.5 மில்லிமீட்டர். ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே உள் வளையத்தின் மதிப்பெண் கிடைக்கும். தட்டை முனை காகிதத்தைப் பஞ்சிங் மெஷின் போலச் சுத்தமாக வெட்டி எடுக்கும். உருண்டை முனை காகிதத்தைப் பிளந்து உள்ளே போகும்; பிய்ந்த ஓரம் திரும்பி மூடிக்கொள்ளும். ஓட்டை சின்னதாகத் தெரியும், தொட்டதா இல்லையா என்று லென்ஸ் வைத்துச் சண்டை போடலாம். போட்டிகளில் மின்னணு இலக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் தினசரிப் பயிற்சி அட்டையில்தானே நடக்கிறது? எட்டையும் ஒன்பதையும் குழப்பிக்கொண்டு எழுதி வைத்த பயிற்சிக் கணக்கால் என்ன பயன்?

தட்டை முனை என்றால் எல்லாமே ஒன்று என்றும் எண்ண வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசில் மலிவு டப்பா ஒன்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தோம். கொலுசு மணிக்கு வைத்திருக்கும் தராசு, மில்லிகிராம் வரை சொல்லும். குண்டுக்குக் குண்டு எடை தாவியது, சிலவற்றின் பாவாடை, அதாவது விரிந்த பின்பகுதி, நசுங்கியிருந்தது. போட்டிக்கென்று வரும் டப்பாவில் எடை ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றது. அதன் மேல் தலையின் அளவைக்கூட 4.49, 4.50 என்று அச்சிட்டிருப்பார்கள். விலை அதிகம்தான். நான் மலிவை நிற்கும் பழக்கத்துக்கும் விசைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்கிறேன், மதிப்பெண் எழுதும் நாளில் நல்லதைத் திறக்கிறேன்.

கூர் முனை என் கையில் எந்தத் தனிப் பலனும் தரவில்லை. பால்ரஸ் என்னும் எஃகு உருண்டையை மரை போட்ட, அதாவது உள்ளே சுருள் வரி வெட்டிய, குழலில் போடவே வேண்டாம். அந்த எஃகு, மரையைத் தேய்த்துவிடும், கெட்டியான சுவரில் பட்டால் முகத்துக்கே திரும்பும். ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் முறுக்கு எடுக்காதீர்கள்.

உருண்டை முனை யாருக்கு? எஸ்டேட் பக்கம் பெரிய மண்மேட்டின் முன்னால் காலி டப்பாவை வைத்து 20, 25 மீட்டரில் சுடுகிறவருக்கு. டப்பாவில் எவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தது என்று யாரும் அளக்கப்போவதில்லை.