ரேக் மானிட்டரும் ஸ்கோப்பும்: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

படத்தின் நிறம் சரியா என்று பார்ப்பதற்காக ரேக்கில் மாட்டும் 8 அங்குலத் திரையை வாங்க நினைத்தால், வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு நல்ல கிரேடு ஒன் மானிட்டரோ (நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் உயர்தர மானிட்டர்), குறைந்தபட்சம் அளவீடு செய்த ஐபிஎஸ் திரையோ வேண்டும். ஆனால் சிக்னல் வந்து சேர்கிறதா, எந்த அளவில் வருகிறது, நான்கு கேமராவும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி என்றால், இந்தக் கருவி தன் இடத்துக்கும் பணத்துக்கும் நியாயம் செய்துவிடும். அதுவும் திரையால் அல்ல, உள்ளே இருந்து சிக்னலை அளந்து வரைபடமாகக் காட்டும் ஸ்கோப்பால்.

இங்கே பேசுவது பிளாக்மேஜிக் ஸ்மார்ட்ஸ்கோப் டுவோ 4கே வகைக் கருவியைப் பற்றி. 3யு உயரத்தில் (யு என்பது ரேக்கின் உயர அலகு) அருகருகே இரண்டு 8 அங்குலத் திரைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்டிஐ உள்ளீடு (கேமராப் படத்தைக் கேபிளில் கொண்டுவரும் டிஜிட்டல் இணைப்பு), வந்த சிக்னலை அப்படியே வெளியே விடும் தனி லூப் அவுட், 6ஜி வேகம் (விநாடிக்குச் சுமார் 6 கிகாபிட்) வரை ஏற்கும். வேவ்ஃபார்ம் (வெளிச்சத்தின் அளவு), வெக்டர்ஸ்கோப் (நிறமும் அதன் அடர்த்தியும்), ஆர்ஜிபி பரேட் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக), ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் பரவியிருக்கும் விதம்), ஆடியோ அளவு என்று திரைக்கொன்றாக வைக்கலாம். ஏறத்தாழ இதே உருவத்தில் ஸ்மார்ட்வியூ டுவோ என்றும் ஒன்று உண்டு. அது வெறும் மானிட்டர், ஸ்கோப் கிடையாது. ஆர்டர் போடும்போது பெயரை இரண்டு முறை படியுங்கள். இது ஓடும் களம்: கல்யாணம், கும்பாபிஷேகம், மேடைக் கச்சேரி நேரலைக்கு எடுத்துச் செல்லும் நான்கு முதல் ஆறு கேமரா ஃப்ளைட் கேஸ்.

மாட்டும் உயரம்தான் முதல் பிரச்சினை. இந்தச் சிறு எல்சிடிகளைக் கீழிருந்தோ மேலிருந்தோ பார்த்தால் கறுப்பு வெளுத்துத் தெரியும். நின்றபடி வேலை செய்யும் ரேக்கில் சரியாக இருப்பது, உட்கார்ந்து பார்க்கும்போது பொய் சொல்லும். ஸ்விட்சர் (கேமராக்களை மாற்றி மாற்றி நேரலைக்கு விடும் கருவி) போடுபவர் உட்கார்ந்த நிலையில் அவர் கண் மட்டத்துக்குத் திரையின் நடு வர வேண்டும். 3யு என்றால் 133 மில்லிமீட்டர். மேலே ஒரு யு காலியாக விட்டு வெறும் தகடு போடுங்கள். கீழே ஸ்விட்சரோ யூபிஎஸ்ஸோ இருந்தால் அதன் சூடு நேராக மேலேறி வரும். சித்திரை மாதத்தில் துணிப்பந்தலுக்குள் ஏசி இல்லாமல் ஓடும் ரேக்குக்கு இது பெரிய விஷயம். நான்கு மூலையிலும் எம்6 கேஜ் நட் போட்டு முடுக்குங்கள். இரண்டோடு நிறுத்தினால் வண்டி ஆட்டத்தில் கருவியின் காது (திருகு போடும் பக்கத் தகடு) வளையும்.

கருவிக்குள் நேரே 230 வோல்ட் போகாது, 12 வோல்ட் அடாப்டர்தான். அந்த டிசி முனை பூட்டிக்கொள்ளும் வகையாக இல்லையென்றால் அதிர்வில் அரை மில்லிமீட்டர் நழுவினாலே திரை இரண்டும் செத்துவிடும். கம்பியை ஒரு சிறு வளையமாக விட்டு, ரேக்கின் பின் சட்டத்தில் ஜிப் டையால் கட்டுங்கள். அடாப்டர் பழுதானால் கடைத்தெருவில் கிடைக்கும் எல்இடி அடாப்டரைச் செருகத் தோன்றும். வோல்ட் சரியாக இருந்தாலும் ஆம்பியர் போதாவிட்டால் திரை மினுக்கும், வெளிச்சம் கூட்டியதும் அணைந்து எரியும். பெட்டியின் பின்னால் அச்சிட்டுள்ள ஆம்பியருக்கு மேல் உள்ளதையே வாங்குங்கள், முனையின் கூட்டல் கழித்தல் துருவத்தையும் பாருங்கள்.

மண்டபங்களில் எர்த் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மேடைப் பக்கம் ரேக் ஒரு ஃபேஸில், பின்வரிசை கேமரா வேறு ஃபேஸில், அதுவும் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில். அந்த நிலையில் பிஎன்சியின் (எஸ்டிஐ கேபிளின் முனை) வெளி உறை ரேக்கைத் தொட்டதும் ‘சுரீர்’ என்று பொறி பறக்கும். அனலாக் காலத்தில் திரையில் பட்டை ஓடி எச்சரிக்கை கொடுக்கும். எஸ்டிஐயில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வராது, உள்ளீட்டுச் சிப் போய்விடும். அதனால் கேமராவுக்கும் ரேக்கிலிருந்தே மின் கம்பி இழுங்கள். இழுக்க முடியாவிட்டால் பிஎன்சியைச் செருகும் முன் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, கேபிளின் வெளி உறைக்கும் ரேக் சட்டத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கேயோ, பிளக் பாயின்ட்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவேயோ இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே தொடங்குங்கள்.

கேபிள் விஷயத்தில் கணக்கு எளிது. எச்டி எஸ்டிஐ விநாடிக்கு 1.485 கிகாபிட், 3ஜி 2.97 கிகாபிட். நல்ல ஆர்ஜி6 வகையில் எச்டி 100 மீட்டர் தாராளமாகப் போகும். அதே கேபிளில் 1080பி50 (விநாடிக்கு 50 முழுப் படம், 3ஜி வேகம்) கொடுத்தால் 70 மீட்டரைத் தாண்டும்போது கவனம் வேண்டும். மெல்லிய கேபிள் சுமக்க வசதி, ஆனால் தூரம் குறையும். கேபிள் டிவி வேலைக்கு விற்கும் ஆர்ஜி6-இல் செம்பு முலாம் பூசிய இரும்புக் கம்பி இருக்கும், சடையும் பெயரளவுக்குத்தான். அதை இதற்கு வாங்க வேண்டாம். பிஎன்சி முனை 75 ஓம் வகையாக இருக்கட்டும், கேபிளின் தடிமனுக்குப் பொருந்தும் டையால் கிரிம்ப் செய்யுங்கள். 50 ஓம் முனையில் எச்டி ஓடிவிடும். 3ஜிக்கு மாறிய அன்றுதான் திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும்.

இந்த வகை ஸ்கோப்பின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஐ பேட்டர்ன் (சிக்னலின் வடிவம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று காட்டும் வரைபடம்) இல்லை, ஜிட்டர் (சிக்னலின் நேரத் தடுமாற்றம்) அளவும் இல்லை. டெக்ட்ரானிக்ஸ், லீடர் போன்ற பழைய பெரிய கருவிகளில் சிக்னல் தள்ளாடும் நிலையில் இருப்பதை முன்கூட்டியே பார்க்கலாம். இதில் படம் சுத்தமாக இருக்கும், ஒரு மீட்டர் கூடியதும் தெறிக்கும், இன்னும் கொஞ்சம் கூடினால் கறுப்பு. நடுநிலை என்று ஒன்று கிடையாது. மாற்று வழி பழையது, ஆனால் வேலை செய்யும்: 20 மீட்டர் துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேமரா லைனோடும் கூடுதலாக இணைத்துப் பாருங்கள். அப்போதும் படம் தெறிக்கவில்லை என்றால் அந்த லைனுக்கு இருப்பு இருக்கிறது. தெறித்தால் நிகழ்ச்சிக்கு முன்னாலேயே கேபிளை மாற்றுங்கள்.

இணைக்கும் முறையில் ஒரே ஒரு விதி. ஸ்கோப்பின் லூப் அவுட்டிலிருந்து நேரலைக்குச் சிக்னல் போகக் கூடாது. பெரும்பாலான இத்தகைய கருவிகளில் மின்சாரம் இருந்தால்தான் லூப் உயிரோடு இருக்கும். அடாப்டர் நழுவினால் ஸ்கோப் மட்டும் போவதில்லை, ஒளிபரப்பும் போகும். ஸ்விட்சரின் ஆக்ஸ் வெளியீட்டை (எந்தக் கேமராவையும் தேர்ந்து அனுப்பும் கூடுதல் வெளியீடு) ஸ்கோப்புக்குக் கொடுங்கள். ஆக்ஸ் இடது திரைக்குள், இடது லூப் அவுட்டிலிருந்து ஒரு அடி பிஎன்சி வலது திரைக்குள். இடதில் ஆர்ஜிபி பரேட், வலதில் வெக்டர்ஸ்கோப். இப்போது ஆக்ஸ் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தினால் எந்தக் கேமராவையும் இரண்டு கோணத்தில் பார்க்கலாம். படத்துக்கு மல்டிவியூ (எல்லாக் கேமராவும் ஒரே திரையில்) இருக்கவே இருக்கிறது. அதையே இங்கேயும் போடுவது வீண்.

லேப்டாப் மென்பொருளிலிருந்து கருவியைக் கட்டுப்படுத்தத் தேவையான நெட்வொர்க் அமைப்பை முதலில் யூஎஸ்பி வழியாகச் செய்யுங்கள். பிளாக்மேஜிக்கின் ஏடெம் ஸ்விட்சர்கள் தொழிற்சாலையிலிருந்து 192.168.10.240 என்ற முகவரியோடு வரும். ஸ்கோப்புக்கு 192.168.10.51, லேப்டாப்புக்கு 192.168.10.100, மூன்றுக்கும் சப்நெட் 255.255.255.0. மென்பொருளில் கருவி தெரியவே இல்லை என்றால், முதலில் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துப் பாருங்கள். மண்டபத்தின் ரவுட்டரும் அதே 192.168.10 வரிசையில் இருந்தால் லேப்டாப் தவறான பக்கம் தேடிக்கொண்டிருக்கும். அடுத்த சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால்.

இனி அளவுகள். 10-பிட்டில் (0 முதல் 1023 வரையிலான எண் கணக்கு) 64 என்றால் கறுப்பு, 940 என்றால் 100 சதவீத வெள்ளை, நடுவே 50 சதவீதம் 502. பழைய கணக்கில் 0 முதல் 700 மில்லிவோல்ட். தொலைக்காட்சிக்குக் கொடுப்பதாக இருந்தால் ஈபியூவின் (ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம்) ஆர்103 பரிந்துரைப்படி ஆர், ஜி, பி ஒவ்வொன்றும் மைனஸ் 5 முதல் 105 சதவீதத்துக்குள், அதாவது மைனஸ் 35 முதல் 735 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். யூடியூப் இதற்காக எதையும் திருப்பி அனுப்பாது, சேனலின் தரப் பரிசோதனை அனுப்பிவிடும்.

வேவ்ஃபார்மை ஒளிர்வு அளவில் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் எல்இடி மேடையில் ஏமாறுகிறார்கள். ரெக் 709 (எச்டி படத்துக்கான வண்ணத் தரம்) கணக்கில் ஒளிர்வில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. பாடகர் முகத்தில் மெஜந்தா பார் லைட் விழுகிறது என்று வையுங்கள். சிவப்பும் நீலமும் உச்சத்தில் இருந்தாலும் ஒளிர்வுக் கோடு 28-ஐத் தாண்டாது. “இருட்டாக இருக்கிறதே” என்று ஐரிஸை (லென்ஸின் ஒளித் துவாரம்) திறப்பார்கள். பரேடுக்கு மாறினால் சிவப்பும் நீலமும் மேல்கூரையில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், பச்சை மட்டும் தரையில் கிடக்கும். முகத்தில் மூக்கு, கன்னம் எதுவும் பிரியாது, ஒரே வண்ணத் திட்டு. அந்த வெளிச்சத்தில் ஐரிஸைக் குறைக்கத்தான் வேண்டும். அதைவிட நல்லது, லைட்காரரிடம் முன் விளக்கில் கொஞ்சம் வெள்ளை கலக்கச் சொல்வது. இந்த ஒரு காரணத்துக்காகவே மேடை வேலையில் பரேடை விட்டு வேறு எதற்கும் மாற்றுவதில்லை.

முகத்தை 70 சதவீதத்தில் வை என்று பழைய கையேடுகள் சொல்வது வெளிர் தோலுக்கான கணக்கு. நம் ஊர் முகங்களை 45 முதல் 60-க்குள் வைத்தால் நெற்றி வியர்வையின் பளபளப்பு வெடிக்காமல் நிற்கும், வெள்ளை வேட்டி சட்டைக்கும் மேலே இடம் மிஞ்சும். நிறம் சரியா என்பதை வெக்டர்ஸ்கோப்பில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே போகும் தோல் கோட்டில் பாருங்கள். மாநிறமோ கறுப்போ சிவப்போ, புள்ளிக் கூட்டம் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். முகத்தை மட்டும் நெருக்கமாக ஃப்ரேம் செய்து பாருங்கள். பட்டுப்புடவையும் ஃப்ரேமில் இருந்தால் அரக்குச் சிவப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். தீபாராதனையில் கற்பூரச் சுடர் 100-ஐ மீறும், மீறட்டும். அதற்காக ஐரிஸை மூடினால் மூலவரே தெரியாமல் போவார்.

கேமராக்களை ஒத்துப்போகச் செய்ய, மேடை விளக்கில் சாம்பல் அட்டையை நிறுத்தி எல்லாக் கேமராவையும் அதன் மேல் திருப்புங்கள். அட்டை ஃப்ரேமின் நடுவே மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஒன்றைத் தாய்க் கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் லென்ஸை மூடி பெடஸ்டலால் (கறுப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கறுப்பை 0 முதல் 3-க்குள் கொண்டுவாருங்கள், பிறகு ஐரிஸ், அதன்பின் ஒயிட் பேலன்ஸ். பரேடில் மூன்று நிறமும் அட்டை உள்ள இடத்தில் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், வெக்டர்ஸ்கோப்பில் புள்ளி நடுவில் ஒடுங்க வேண்டும். வரிசையை மாற்றி ஒயிட் பேலன்ஸ் முடித்த பிறகு பெடஸ்டலைத் தொட்டால் நிழல்களில் நிறம் ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து.

லேப்டாப்பிலிருந்து வரும் மணமக்கள் பெயர் ஸ்லைடு தனித் தலைவலி. எச்டிஎம்ஐ எஸ்டிஐ கன்வெர்ட்டருக்கு முன்னால் லேப்டாப் முழு வீச்சில், அதாவது 0 முதல் 255 வரை அனுப்ப, கன்வெர்ட்டர் அதை 16 முதல் 235 என்று எடுத்துக்கொண்டால், வேவ்ஃபார்மில் கறுப்பு மைனஸ் 7-க்கும் வெள்ளை 109-க்கும் போகும். நேர்மாறாக, ஏற்கெனவே சுருக்கியதை இன்னொரு முறை சுருக்கினால் கறுப்பு 6-இலும் வெள்ளை 92-இலும் நிற்கும்; படம் புகை படிந்ததுபோல் இருக்கும். இந்த நான்கு எண்களையும் ரேக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். ஸ்கோப்பைப் பார்த்த மாத்திரத்தில் லேப்டாப்பின் டிஸ்பிளே அமைப்பில் எதை மாற்றுவது என்று தெரிந்துவிடும்.

ஒரு கேமரா மட்டும் கறுப்பாகவோ இரட்டையாகவோ வந்தால் 3ஜி லெவல் ஏ, பி (3ஜி சிக்னலை அடுக்கும் இரண்டு முறைகள்) குழப்பமாக இருக்கலாம். கேமரா மெனுவில் மாற்றிப் பாருங்கள். ஆடியோ திரை அதிகம் தேவைப்படுவதில்லை. நாதஸ்வர மைக், தவில் மைக் இரண்டையும் சேர்த்ததும் சத்தம் குறைந்தால் மட்டும் ஃபேஸ் வட்டத்தை (இரண்டு ஒலியும் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்று காட்டுவது) பாருங்கள். அது எதிர் ஃபேஸ் என்று காட்டினால் ஏதோ ஒரு எக்ஸ்எல்ஆர் மைக் கம்பியில் 2, 3 முனைகள் மாறியிருக்கலாம்.

ஃபோகஸ் பார்க்க இந்தத் திரையை நம்ப வேண்டாம். முழு எச்டியைச் சுருக்கிக் காட்டுவதால் மங்கல்கூடக் கூர்மையாகத் தெரியும். ஸ்கோப் கணக்கு மட்டும் உள்ளே வரும் தரவிலிருந்து வருவது, திரை பழசானாலும் அது மாறாது. வருடங்கள் ஓட ஓட பின்வெளிச்சம் மங்கும், இரண்டு திரையும் ஒரே வேகத்தில் மங்குவதுமில்லை. கலர் பார் கொடுத்து, 20 நிமிடம் சூடேறிய பிறகு, வெளிச்சமான திரையைக் குறைத்து மற்றதோடு சமப்படுத்துங்கள். கடலோர ஊர்களில் பிஎன்சி முனைகள் பச்சை பூக்கும்; ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். பயன்படுத்தாத முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டால் அந்த வேலையும் குறையும்.

பழையதை வாங்குவதாக இருந்தால், உங்கள் வேலைக்குத் தேவையான அதிகபட்ச வடிவத்திலேயே சிக்னல் கொடுத்துப் பாருங்கள். 1080ஐ50-இல் (அரைப் படங்களாக வரும் எச்டி) ஓடிக் காட்டுவது 1080பி50 ஓடும் என்பதற்குச் சாட்சி அல்ல. இரண்டு உள்ளீடு, இரண்டு லூப் அவுட், நான்கிலும் கேபிளைச் செருகி முனையை மெல்ல அசையுங்கள். படம் தெறித்தால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது. நெட்வொர்க் முனையில் விளக்கு எரிகிறதா, அதன் அசல் அடாப்டர் கூட வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடாப்டர் இல்லையென்றால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.