குளியலறை டைல்ஸில் ஏறிய கறை: ஆசிட் கழுவலா, மெஷின் தேய்ப்பா, நீராவியா, புது ஜாயின்ட்டா?

சென்னையில் போர் தண்ணீரைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் குளியலறைகளின் தரையில் மூன்று வகை அழுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் காய்ந்து இறுகிய வெண்படலம் முதலாவது. அதே உப்புகளோடு சோப்பு சேர்ந்து உண்டாகும், தண்ணீரில் கரையாத பிசுக்கு இரண்டாவது. ஈரம் காயாத மூலைகளிலும் டைல்ஸ் இடுக்குகளிலும் பிடிக்கும் கரும்பூஞ்சை மூன்றாவது. இவற்றை அகற்றத் துப்புரவு நிறுவனங்கள் பொதுவாக நான்கு வழிகளை முன்வைக்கின்றன. எந்த வழியில் டைல்ஸ் அதிகமாகப் பளபளக்கிறது என்பதை வைத்தே பலரும் தேர்வு செய்கிறார்கள். ஆனால், டைல்ஸுக்கு இடையே உள்ள ஜாயின்ட் எந்த வழியில் பிழைத்திருக்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

காரணம் எளிது. டைல்ஸ் சூளையில் சுட்டெடுக்கப்பட்ட பொருள். விட்ரிஃபைடு வகை தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. ஜாயின்ட்டோ சிமெண்டும் நுண்மணலும் நிறப்பொடியும் கலந்த நுண்துளைப் பொருள். பழைய அடுக்ககங்கள் பலவற்றில் வெறும் ஒயிட் சிமெண்டைக் குழைத்துத் தேய்த்து முடித்திருப்பார்கள். அழுக்கு ஊறி நிற்பதும், கடுமையான மருந்துக்கு முதலில் பலியாவதும் இந்தப் பகுதிதான்.

ஆசிட் கழுவலில் பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுகிறது. ஊற்றியவுடன் பொங்கும் நுரை, உப்புப் படலத்திலுள்ள கார்பனேட் சிதைந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு. பல ஆண்டுக் கறை சில நிமிடங்களில் கரைந்துபோவதால், பார்ப்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே தோன்றும். ஆனால் அமிலத்துக்கு உப்புப் படலமும் சிமெண்டும் ஒன்றுதான். கழுவி உலர்ந்த பிறகு ஜாயின்ட்டின் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். மாவு போன்ற வெண்பொடியும் மணலும் உதிர்ந்தால், புதிதுபோல் தெரியும் அந்த வெண்மை, மேலடுக்கு கரைந்து உள்ளே இருந்த சிமெண்டு வெளிப்பட்டதால் வந்தது என்று அறியலாம். சொரசொரப்பாகிவிட்ட அந்தப் பரப்பு முன்னைவிட விரைவாக அழுக்கைப் பிடிக்கும். உடனே அடுத்த ஆசிட் கழுவலுக்கு ஆள் அழைக்கப்படுவார். இப்படியே தொடர்ந்தால் ஜாயின்ட் டைல்ஸ் விளிம்பைவிடக் கீழிறங்கி, தண்ணீர் அடிக்கலவைக்குள் புகுந்து, தட்டினால் டைல்ஸில் பொள்ளல் சத்தம் கேட்கத் தொடங்கும். ஆசிட்டின் ஆவி குழாய்களின் குரோம் பூச்சையும் எவர்சில்வர் வடிகால் மூடியையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் ஆசிட் பட்டால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும் என்பதால், மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. மார்பிள், கோட்டா கல், மொசைக் தரைகளில் இந்த வழியை நினைத்துப் பார்க்கவே கூடாது. 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஆசிட் வாங்குபவரின் விவரங்களைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. அத்தகைய பொருளைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் ஒரு தொழிலாளியின் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்வது எனக்கு ஏற்புடையதன்று.

உப்புப் படலத்தைக் கரைக்க ஏதேனும் ஓர் அமிலம் தேவை என்பது உண்மைதான். அதற்குச் சல்ஃபாமிக் அமிலம் போதும். பொடியாகக் கிடைக்கும் இது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் போல மூச்சை அடைக்கும் ஆவியை விடுவதில்லை. ஜாயின்ட்டை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டால் நுண்துளைகள் நிரம்பி, அமிலம் ஆழமாக இறங்குவது குறையும். சில நிமிடங்களில் தேய்த்துக் கழுவி, ஆப்பசோடா கரைத்த நீரை ஊற்றி மீண்டும் அலச வேண்டும். அப்போதும் ஜாயின்ட்டுக்கு ஓரளவு தேய்மானம் உண்டு. ஆகவே, இதை உப்பு இறுகிய இடத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மெஷின் தேய்ப்பில் காரத்தன்மையுள்ள திரவத்தைப் பரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, சுழலும் நைலான் பிரஷ் பொருத்திய சிங்கிள் டிஸ்க் மெஷினால் தேய்க்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும் மிதியழுக்குக்கும் இதற்கு ஈடில்லை. சிமெண்டும் காரத்தன்மை கொண்டதே என்பதால் ஜாயின்ட்டுக்குச் சேதம் மிகக் குறைவு. சமையலறை, கூடம், பால்கனி ஆகியவற்றுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதையே. இங்கே வேலையின் தரம் தேய்ப்பதைவிட அழுக்குநீரை எடுப்பதில்தான் இருக்கிறது. ஜாயின்ட் டைல்ஸைவிடச் சற்றுத் தாழ்வாக இருப்பதால், மாப்பால் துடைத்து முடித்தால் கரைந்த அழுக்கெல்லாம் அந்தப் பள்ளத்திலேயே வடிந்து, உலர்ந்ததும் மறுபடி கருக்கும். ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கொண்டுவராத நிறுவனத்துக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இறுகிய உப்பை இம்முறை அசைக்காது என்பதும், குறுகிய குளியலறையிலும் சுவரிலும் மெஷின் ஏறாமல் கைப்பிரஷையே நம்ப வேண்டியிருக்கும் என்பதும் இதன் குறைகள்.

நீராவி, மருந்தே இல்லாமல் பூஞ்சையைக் கொல்லும், பிசுக்கை இளக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு ஜாயின்ட்டாக முனையை நகர்த்த வேண்டியிருப்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். உப்புக்கறை அப்படியே நிற்கும். பூஞ்சை செத்தாலும் அதன் கருமை பெரும்பாலும் போகாது. அந்தக் கருமைக்குச் சோடியம் பெர்கார்பனேட் பொடியை வெந்நீரில் கரைத்து ஊறவைக்கலாம்.

ஜாயின்ட் ஏற்கெனவே அரித்துப் பள்ளமாகியிருந்தால் மேற்கண்ட மூன்றும் வீண் செலவு. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி என்னும் இறுகும் பிசின் கலவையை நிரப்புவதே வழி. எபாக்ஸி தண்ணீரை உறிஞ்சாது. வீட்டுத் துப்புரவு மருந்துகளையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சிமெண்டைவிட விலை கணிசமாக அதிகம். பிசினும் இறுக்கியும் கலந்த பிறகு கைவசம் இருக்கும் நேரம் குறைவு என்பதால், டைல்ஸ் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தவறினால் மங்கலான படலம் நிரந்தரமாகத் தங்கிவிடும். குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வைத்திருக்க வேண்டும். ஒரே குளியலறை உள்ள வீட்டில் இது எளிதான காரியமன்று. வெயில் விழும் பால்கனியில் வெள்ளை எபாக்ஸி நாளடைவில் மஞ்சளிக்கும். அங்கே சாம்பல் நிறம் நல்லது.

எதைத் தேர்வது என்று முடிவு செய்ய, உலர்ந்த ஜாயின்ட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கருத்தால் அது சிமெண்ட் ஜாயின்ட். பொடி உதிராமல் உறுதியாகவும் இருந்தால் முதலில் கார மெஷின் தேய்ப்பு, பிறகு மிஞ்சிய உப்புக்கு மட்டும் சல்ஃபாமிக் என்ற வரிசை போதும். ஆள் வந்ததும் மருந்துப் புட்டியின் லேபிளைக் காட்டச் சொல்லி, கதவுக்குப் பின்னால் ஒரு சிறு பகுதியில் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். சுத்தமான சிமெண்ட் ஜாயின்ட் முழுதாக உலர்ந்த பிறகே அதன்மேல், நுண்துளைகளில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும். ஈரத்தோடு பூசுவதற்கு அவசரப்படுபவரைத் தடுத்து நிறுத்துங்கள். எபாக்ஸிக்குச் சீலர் தேவையே இல்லை. மதிப்பீட்டில் அது சேர்க்கப்பட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லலாம்.